மாணவர் உளநலமும் வகுப்பாசிரியர் கடனும்

ஒரு கல்லூரி விழாக் கொண்டாடும் ஆண்டில் எண்ணிப் பார்ப்பன பல. பரீட்சையிற் சித்தியெய்தினோர் தொகை, பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகை, விளையாட்டரங்கிற் பெற்ற கேடயங்கள், புதிதாய் எழுந்த மாடிக் கட்டடங்கள் என்பன மலரின் பக்கங்களை நிரப்பும். அவை நிரம்புதல் தக்கதே. எனினும், எந்த அறிக்கையிலும் இடம்பெறாத தொகை ஒன்றுண்டு. நாடோறும் பாடசாலைக்கு வந்தும் எவர் கண்ணிலும் படாது சென்ற மாணவர் எத்துணையர்? வரவு இடாப்பில் அவர் பெயருக்கு நேரே அடையாளம் இடப்பட்டிருக்கும். அவர் உள்ளம் அன்று எந்நிலையில் இருந்ததென வினவினார் ஒருவரும் இலர். அத்தொகையைக் குறைக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

நமது துணிபை முதற்கண் கூறிவிடுவோம். மாணவர் உளநலம் பேணுதல் மருத்துவர்க்கே உரிய தொழில் என்றெண்ணி ஆசிரியர் ஒதுங்குதல் தகாது. ஆசிரியரே மருத்துவராகிவிட முயலுதலும் தகாது. காணுதல், கேட்டல், உரியவரிடஞ் சேர்த்தல் என்னும் மூன்றுமே ஆசிரியர் கடன். அம்மூன்றனுள்ளும் காணுதலே ஏனைய இரண்டிற்கும் வாயிலாகும்.

உளநலம் என்பது யாது?

உளநலம் என்றவுடன் பலர் பைத்தியம் என்னும் சொல்லையும் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையும் நினைந்து அஞ்சுவர். இவ்வச்சம் அறியாமையின் பாற்பட்டது. உடல் நலத்திற்குப் பல படிகள் உள்ளவாறே உள்ளத்திற்கும் உள. தடிமன் பிடித்தவனும் நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்தவனும் நோயாளரே ஆயினும் இருவர்க்கும் ஒரே சிகிச்சை இல்லை. அவ்வாறே பரீட்சைக்கு முதனாள் உறக்கம் வாராது புரளும் மாணவனும், பல கிழமைகளாக உணவில் விருப்பற்று, நண்பரை வெறுத்து, வாழ்வே சுமையெனக் கருதும் மாணவனும் ஒரே நிலையில் உள்ளவர் அல்லர். முன்னவனுக்கு ஓர் இன்சொல் போதும். பின்னவனுக்கு வைத்தியர் துணை வேண்டும். இருவரும் அமர்ந்திருப்பது ஒரே வகுப்பறையில் என்பதே ஆசிரியர் மறக்கலாகாத உண்மை.

உலகச் சுகாதார தாபனத்தின் கணிப்பின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனுமொரு உளநலக் குறைபாட்டுக்கு உள்ளாகின்றனர். வளர்ந்தோரிடம் காணப்படும் உளநோய்களிற் பாதியளவு 14 வயதளவிலேயே தோன்றிவிடுகின்றன என்பதும் அறிஞர் முடிபு. பதினான்கு வயதென்பது நம் கணக்கில் ஒன்பதாந் தரம். எனவே, நோய் முளைகொள்ளும் பருவத்தில் மாணவன் தன் விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதியை நம் கண்முன்னரே கழிக்கின்றான். மருத்துவர் அவனைக் காண்பது எப்பொழுதோ ஒரு முறை; நாமோ ஆண்டிற்கு ஏறக்குறைய இருநூறு நாட்கள் காண்கின்றோம்.

மெய்ப்பாடும் வகுப்பறையும்

உள்ளத்து நிகழ்வன உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என வகுத்து, அதற்கெனத் தனி இயலே அமைத்தவர் தொல்காப்பியர். அவ்வியலை நாம் உயர்தர வகுப்பிற் செய்யுளுறுப்பாகக் கற்பிக்கின்றோம். அதனை ஆசிரியர் தம் தொழிலுக்கும் துணையாகக் கொள்ளலாம் என்பது நமது கருத்து. மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒவ்வொன்றும் பிறத்தற்கு நந்நான்கு நிலைக்களங்களை அவர் கூறுவர். அழுகை பிறக்கும் இடங்களாக அவர் காட்டும் இழவு, வறுமை, இளிவு, அசைவு என்னும் நான்கினையும் நமது நகரத்து வகுப்பறையில் வைத்து நோக்குவாம்.

இழவாவது, உறவினரையும் உரிய பொருளையும் இழத்தல். இறப்பு ஒன்றே இழவன்று. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்க, பாட்டியிடம் வளரும் சிறுவன் கொட்டாஞ்சேனையில் உளன். தந்தை கனடாவிலோ இலண்டனிலோ இருந்து பணம் அனுப்ப, விசாவை எதிர்நோக்கி வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் ஆண்டுகளைக் கழிக்கும் சிறுவனும் உளன். பின்னவனுக்குப் புதிய சப்பாத்தும் விலையுயர்ந்த தொலைபேசியும் இருத்தல் கண்டு, அவனுக்கென்ன குறை என்போம். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் நகரிற் குண்டுவீச்சுக்கு ஆளான குழந்தைகளைப் பராமரித்த அன்னா புரொயிட் என்னும் உளநூல் அறிஞர், குண்டின் ஓசையிலும் தாயைப் பிரிந்தமையே பல குழந்தைகளை மிகுதியும் வருத்தியதெனக் கண்டெழுதினார். பிரிவும் ஓர் இழவே என்பதற்கு இது சான்று.

வறுமை வெளிப்படையானது, எனினும் வகுப்பறையில் அது வேடம் மாறி வரும். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்து, எரிபொருளின்றியும் மின்சாரமின்றியும் தவித்து, கொழும்பிற் பாடசாலைகளும் மூடப்பட்ட காலத்தில், துறைமுகத்தையும் சந்தையையும் நம்பி நாட்கூலி பெற்ற குடும்பங்கள் பட்ட பாட்டினை நாம் அறிவோம். காலையுணவின்றி வந்த மாணவன் முதலாம் பாடவேளையிற் சோம்பேறியாகத் தோன்றுவான். சுற்றுலாவுக்குப் பணங் கட்ட இயலாதவன் எனக்குச் சுற்றுலாவே பிடிக்காது என்பான். இல்லை என்று சொல்ல நாணுவது வறுமையின் இயல்பு.

இளிவாவது, பிறரால் இகழப்பட்டு எளியனாதல். திக்கிப் பேசுபவன், பருத்தவன், கறுத்தவன், மலையகப் பேச்சோ மட்டக்களப்புப் பேச்சோ நாவிற் கொண்டவன், மெல்லிய நடையினன் என இகழ்ச்சிக்கு இலக்காவோர் எக்காலத்தும் இருந்தனர். முற்காலத்தில் அவ்விகழ்ச்சி பாடசாலை மணியடித்தவுடன் நின்றது. இக்காலத்திலோ மாணவர் தம்முள் அமைத்துக்கொண்ட வாட்ஸ்அப் குழுவின்வழி அது அவனை வீடுவரை தொடர்ந்து, நள்ளிரவிலும் தலையணைக்கருகே ஒலிக்கின்றது. மறுநாட் காலை அவனுக்கு வயிற்றுவலி. வயிற்றிற் குற்றமொன்றும் இராது. ஆயினும் வலி பொய்யன்று.

அசைவாவது, பண்டை நிலை கெட்டு வருந்துதல் என்பர் உரைகாரர். போரினால் வடக்கையும் கிழக்கையும் விட்டுப் பெயர்ந்து வெள்ளவத்தையில் வாடகை அறைகளிற் குடியேறிய குடும்பங்களின் முந்தைய தலைமுறை இவ்வசைவை நன்குணரும். இன்றைய மாணவரிடம் அது வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. சிறியதொரு பாடசாலையில் முதல் மாணவனாய் விளங்கி, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் மிகுந்த புள்ளி பெற்று, பெரிய கல்லூரியொன்றில் ஆறாந் தரத்திற் சேர்ந்தவன், அங்கே தன்னையொத்தார் நாற்பதின்மருள் இருபத்தைந்தாவதாக நிற்கக் காண்கின்றான். அவன் அறிவு குறையவில்லை. நின்ற இடமே மாறியது. ஆயினும் பதினொரு வயதில் அவ்வேறுபாட்டைத் தானே உணர்ந்து தேறுதல் அரிது. வறிய மாணவர்க்குத் துணையாகவும் சிறந்த பாடசாலைகளுக்கு வாயிலாகவும் அமைந்த அப்பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சம் வரையிலான சிறார் தோற்றுகின்றனர். வெற்றி பெற்றார்க்கும் அதனால் வருத்தம் உண்டெனின், பெறாதார் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

அச்சத்தின் நான்காம் களம்

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர் என்பவற்றோடு இறை என்பதனையும் வைத்தார். இறையாவார் அரசர் மட்டும் அல்லர். தந்தையும் ஆசிரியரும் அதனுள் அடங்குவர் எனப் பழைய உரை கூறும். பேயும் புலியும் கள்வரும் நின்ற வரிசையில் ஆசிரியரும் நிற்றல் நாம் ஊன்றி நோக்கற்பாலது. பெரியாரிடத்து அடக்கம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அஞ்சும் உள்ளம் ஒளிக்கும். ஒளிக்கும் உள்ளத்தைக் காண்டல் எவர்க்கும் இயலாது. காணுதலே நமது முதற்கடன் எனின், அச்சத்தை விளைத்தல் அக்கடனுக்கு முதற்பகையாம்.

பிரம்படி பட்டுத்தான் நாம் உருப்பட்டோம் என்று கூறும் பழைய மாணவர் சிலர் உளர். உருப்பட்டோர் விழாவுக்கு வருகின்றனர். பிரம்புக்கு அஞ்சி எட்டாந் தரத்திற் பாடசாலையை விட்டோர் வருவதில்லை. ஆதலின் அச்சான்று ஒருபக்கச் சான்றேயாம். கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் ஒருவர் அறைந்தமையாற் செவிப்புலன் பாதிப்புற்ற மாணவன் ஒருவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமையை மீறியதெனத் தீர்ப்பளித்தது. சட்டம் கையைத் தடுத்தது. நாவைத் தடுக்க நம் மனச்சான்றே வேண்டும். நாற்பது பேர் நடுவே ஒருவனை நிறுத்தி, உன் தம்பி எப்படிப் படிக்கிறான், நீ ஏன் இப்படி என வினவும் ஒரு வினா, பிரம்பினும் நெடுநாள் தழும்பாய் நிற்கும்.

நமது நாடு கற்ற பாடம்

உளக்காயமும் பாடசாலையும் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் பிறநாட்டுச் சரக்கன்று. 1983 யூலையில் இந்நகரத்துப் பாடசாலைகள் சில அகதி முகாம்களாயின. கல்வி பயின்ற மண்டபத்திலேயே பாய் விரித்துப் படுத்த சிறுவர் இன்று ஐம்பதைக் கடந்த பழைய மாணவர். பின்னர் நிகழ்ந்த நெடும்போரும், 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும், 2019 ஏப்பிரல் 21இற் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட இடங்களில் வெடித்த குண்டுகளும், 2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டமையும் தலைமுறை தலைமுறையாகச் சிறார் உள்ளத்தைத் தாக்கின.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் விளைந்த உளத்தாக்கத்தைத் தமிழில் விளக்கி 1993இல் ‘மனவடு’ என்னும் நூலை வெளியிட்டார். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில், எல்லாச் சிறுவரையும் அடையத்தக்கவர் ஆசிரியரே என்பதை உணர்ந்து, வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் பலர் உளவளத்துணைப் பயிற்சி பெற்றனர். மட்டக்களப்பில் 1996இல் கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்று தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரிடை வளர்ந்த சிறார்க்கு ஓவியமும் கதையும் விளையாட்டும் வாயிலாக உள்ளந் திறக்கும் இடமாயிற்று. சொல்ல இயலாததைச் சிறுவர் வண்ணத்தாற் சொல்லுவர் என்பதை அப்பூங்கா காட்டியது.

இவற்றோடு எண்ணத்தக்க ஆராய்ச்சிகள் இரண்டு உள. வடகிழக்கின் தமிழ்ப் பாடசாலைச் சிறார் 296 பேரிடையே நிகழ்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வு, சிறார் உளத்தாக்கத்திற்குப் போரும் ஆழிப்பேரலையும் மட்டுமன்றி, வீட்டினுள் நிகழும் வன்முறையும் தந்தையின் குடிப்பழக்கமும் தொடர்புடையன எனக் காட்டியது. போர் ஓய்ந்தமையால் எல்லாம் ஓய்ந்ததெனக் கருதுவோர்க்கு இது தக்க விடை. மற்றையது, வடபகுதியிற் சிறார் 399 பேரைக்கொண்டு நிகழ்ந்து 2012இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றோர் வகுப்புச் சிறாரைக் குழுவாகக் கூட்டிப் பதினைந்து அமர்வுகள் நடத்தினர். நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆயின், முதன்மையாக எதிர்பார்த்த நோய்க்குறிகளில் எல்லார்க்கும் பொதுவான பயன் காணப்படவில்லை. ஆண் சிறார் சில வகையில் மிகுந்த பயன் பெற, பெண் சிறாரிடத்து ஒரு வகைக் குறிகள் அமர்வு பெறாதவரினும் குறைவாகவே தணிந்தன.

இம்முடிபு சோர்வு தருவதன்று, அறிவு தருவது. எல்லார்க்கும் ஒரே கசாயம் என்னும் முறை உள்ளத்திற்கு ஒவ்வாது. ஒரு நாட் கருத்தரங்கு நடத்தி, பதாகை கட்டி, ஒளிப்படம் எடுத்து, உளநல வாரம் முடிந்தது எனக் கைகழுவுதல் பயன் தராது. ஒவ்வொருவனையும் தனித்தனி அறிதலே வேண்டற்பாலது.

அவ்வாறு அறியும் ஒருவரால் விளையும் நன்மை எத்தகையது? அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955இற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர், ரூத் சிமித் என்னும் இரு பெண்மணிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடிகாரத் தந்தை, பிளவுண்ட குடும்பம் முதலிய இடையூறுகள் பலவற்றினிடையே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நம்பிக்கையும் அன்பும் உடைய நன்மக்களாய் வளர்ந்தமை கண்டு, அதன் காரணத்தை நாடினர். கண்ட காரணங்களுள் ஒன்று, பெற்றோரேயன்றி வேறு ஒரு பெரியவரேனும் அக்குழந்தையிடத்து உறுதியான அன்பு வைத்திருந்தமை. அப்பெரியவர் பலவிடத்தும் ஆசிரியராய் இருந்தார். ஓர் ஆசிரியர் போதும் என்னும் இவ்வுண்மை நமக்கு ஊக்கமும் அச்சமும் ஒருங்கே தருவதாகும்.

வகுப்பாசிரியர் செய்யத்தக்கன

முதலாவது, காணுதல். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கொப்பியே போதும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில், கிழமைக்கு ஐவர் எனத் தெரிந்து, அவ்வைவரை அக்கிழமையிற் சற்றுக் கூர்ந்து நோக்குக. இடைவேளையில் யாருடன் உண்கிறான்? உண்கிறானா? எழுத்து மாறியதா? சிரிப்புக் குறைந்ததா? ஓரிரு வரி எழுதுக. எட்டுக் கிழமைகளில் வகுப்பு முழுவதும் நோக்கப்பட்டுவிடும். ஒரு தவணைக்குள் எவனும் காணப்படாதவனாய் எஞ்சான். குறும்பு செய்வோன் தானே நம் கண்ணை இழுப்பான். இம்முறையாற் பயன்பெறுவோன் எத்தொல்லையும் தராது மூலையில் அமர்ந்திருக்கும் அமைதியானவனே. அமைதியை நற்குணம் என்று மட்டும் கொண்டு புள்ளியிடுதல் நம் பழைய வழக்கம்.

கூர்ந்து நோக்குங்கால் தேடவேண்டுவது மாற்றமே. இயல்பாகவே பேசாதவன் பேசாதிருத்தல் குறியன்று. பேசியவன் பேசாதாதல் குறி. அடிக்கடி வாராமை, பெறுபேற்றிற் சடுதியான வீழ்ச்சி, காரணமற்ற சினம், வகுப்பில் உறங்குதல், மீண்டும் மீண்டும் தலைவலி வயிற்றுவலி கூறல், தன் உடலைத் தானே ஊறுபடுத்தல், விருப்பமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல் என்பன நோக்கத்தக்கன. சோர்வும் விருப்பின்மையும் இரு கிழமைகளுக்கு மேல் நீடித்து, உணவையும் உறக்கத்தையும் படிப்பையும் குலைப்பின், வைத்தியர் துணை வேண்டுமென அறிக.

இரண்டாவது, கேட்டல். மாணவனை அதிபர் அறை வாயிலில் நிறுத்தி வினவுதல் கேட்டலாகாது. வகுப்பறைப் பொருளொன்றைத் தூக்கித் தரும்படி அழைத்து, நடந்துகொண்டே பேசுதல் நன்று. ஏன் இப்படிச் செய்தாய் என்னும் வினா குற்றவாளிக்கு உரியது. அது விடையை அடைக்கும். சில நாளாய் உன்னைப் பார்க்கிறேன், முன்போல் இல்லையே தம்பி என்னும் கூற்று வாயிலைத் திறக்கும். ஒன்றுமில்லை சேர் என்பதே முதல் மறுமொழியாய் இருக்கும். அதனை நம்பியும் விடவேண்டா. பொய்யென்று இடித்தலும் வேண்டா. சரி, சொல்ல வேண்டும்போற் தோன்றினால் வா என்று கூறி, இரு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை அவன் பெயர் சொல்லி அழைத்தால் போதும். பேசத் தொடங்கினால் இடைமறியாது கேட்க. உன் வயதில் நாங்கள் படாத பாடா எனத் தொடங்கும் அறிவுரை அவன் வாயை அடைத்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. எவரிடமும் சொல்லமாட்டேன் என வாக்களித்தல் கூடாது. உன் நன்மைக்கு வேண்டியவரிடமன்றிப் பிறரிடம் சொல்லேன் என்பதே நாம் தரத்தக்க வாக்கு. அவன் கூறியதை ஆசிரியர் அறையிற் பேச்சுப்பொருளாக்குதல், ஒரு முறை திறந்த கதவை என்றைக்குமாக அடைப்பதாம்.

மூன்றாவது, உரியவரிடஞ் சேர்த்தல். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் முதற்படி. பெற்றோரை அழைத்தல் அடுத்த படி. அங்கு முறைப்பாடு கூறும் தொனி வேண்டா. உங்கள் மகனைப் பற்றி நாங்களும் அக்கறையாய் இருக்கிறோம் எனத் தொடங்குவதே நெறி. மருத்துவ உதவி வேண்டின், பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையிற் சிறார் உளநலப் பிரிவு உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் அறிவுரை பெறலாம். துயருற்றோர்க்குச் செவிசாய்க்கும் சுமித்ரயோ என்னும் தொண்டமைப்புக் கொழும்பில் 1974 முதல் இயங்கி வருகின்றது.

சாவைப் பற்றி மாணவன் ஒருவன் பேசினாலோ எழுதினாலோ, அது விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்கலாகாது. அவ்வெண்ணம் உண்டோவென நேரே கேட்டல் அவ்வெண்ணத்தை விதைப்பதாகாது. கேட்கப்பட்டமையால் ஆறுதல் எய்துவோரே மிகப் பலர் என்பது உளநூலார் கண்ட உண்மை. அவனைத் தனியே விடாது, அன்றே பெற்றோர்க்கும் அதிபர்க்கும் அறிவித்து, வைத்தியரிடஞ் சேர்க்க. நமது நாட்டில் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். பின்னர் அரசும் மருத்துவரும் எடுத்த நடவடிக்கைகளால் அவ்வீதம் பத்தாண்டுகளிற் பாதியளவாகக் குறைந்தது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றமன்று எனச் சட்டமுந் திருத்தப்பட்டது. எனவே இது விதியன்று, தடுக்கத்தக்கது.

மாணவன் ஒருவன் தனக்குப் பெரியவர் ஒருவர் இழைத்த பாலியற் கொடுமையைக் கூறின், நாம் விசாரணை நடத்தப் புகலாகாது. நீ சொன்னது நன்று, உன்மேற் பிழையில்லை என்று கூறி, அவன் கூறியதை அவன் சொல்லிலேயே குறித்துக்கொண்டு, அன்றே முறைப்படி அறிவிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கம் இதற்கென்றே உள்ளது. குற்றஞ் சாட்டப்பட்டவர் உறவினராயினும், ஊரிற் பெரியவராயினும், நம்முடன் பணிபுரியும் ஆசிரியரேயாயினும் முறை ஒன்றே. பாடசாலையின் பெயர் கெடும் என்னும் காரணங் காட்டி மூடி மறைத்தல், அப்பிள்ளையை இரண்டாம் முறை கைவிடுதலாகும். பிள்ளையைக் காவாத பெயர் எப்பாடசாலைக்கும் பெருமை தராது.

ஆசிரியர் செய்யத்தகாதனவும் உள. நோய்க்குப் பெயர் சூட்டுதல் அவர் தொழிலன்று. மந்திரித்து நூல் கட்டினாற் போதும் என மருத்துவத்தைத் தடுத்தல் தவறு. ஆலய வழிபாடு மனத்துக்கு ஆறுதலாய் மருத்துவத்தோடு உடன் நிற்கலாம். எல்லாவற்றையும் தாமே தாங்க முயலுதலும் தவறு. தொடர்ந்து பிறர் துயர் கேட்கும் ஆசிரியர் உள்ளமும் களைக்கும். அவர்க்கும் மனந்திறந்து பேச ஒரு துணை வேண்டும்.

கல்லூரியும் பழைய மாணவரும்

இத்துணையும் வகுப்பாசிரியர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. எட்டுப் பாடவேளைகளில் ஆறிற் கற்பித்து, எஞ்சிய வேளையிற் கொப்பி திருத்தி, படிவம் நிரப்பும் ஆசிரியர்க்குக் காணுதற்கும் கேட்டற்கும் நேரம் எங்கே? எனவே, நேர அட்டவணையிற் கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் வகுப்பாசிரியர்க்கென ஒதுக்கி, அதனைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் கொடாது காத்தல் நிருவாகத்தின் பொறுப்பாகும்.

பழைய மாணவர்க்கும் நாம் ஒரு விண்ணப்பம் விடுக்கின்றோம். மண்டபமும் நுழைவாயிலும் கட்டித் தருவோர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். அதனோடு, கதவும் திரையும் இரு கதிரைகளும் உள்ள சிறியதோர் ஆலோசனை அறையையும், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர்க்கு ஆண்டு முழுவதும் ஊதியத்தையும் தருவீராயின், அதன் பயன் கல்லிற் காணப்படாவிடினும் பிள்ளைகள் முகத்திற் காணப்படும். பழைய மாணவருள் வைத்தியரும் தாதியரும் சட்டத்தரணிகளும் உளர். அவர்கள் தவணைக்கொரு முறை ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கலாம். பரீட்சையிற் தவறியும் வாழ்க்கையில் நிமிர்ந்தோர் உளர். அவர்கள் உயர்தர மாணவரிடை வந்து தம் கதையை மறையாது கூறலாம். ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்றவனையே மேடையிற் கண்டு பழகிய மாணவர்க்கு, அக்கதை ஒரு மருந்தாகும்.

பெற்றோராய் உள்ள பழைய மாணவர்க்கு ஒரு சொல். பாடசாலை முடிந்து இரவு எட்டு மணிவரை பிரத்தியேக வகுப்புகளில் அலைந்து, காலி வீதிப் போக்குவரத்தில் வாகனத்துள்ளேயே இராவுணவு உண்ணும் பிள்ளைக்கு, விளையாட மாலையும் உறங்க இரவும் கிழமைக்கு ஒரு நாளேனும் கொடுங்கள். எத்தனை புள்ளி என்னும் வினாவுக்கு முன், இன்று யாருடன் விளையாடினாய் என்று கேளுங்கள். விளையாடவில்லை என்னும் விடை தொடர்ந்து வருமாயின், வகுப்பாசிரியரிடம் வாருங்கள்.

மாணவர்க்கும் ஒன்று கூறி முடிப்போம். உங்கள் நண்பன் ஒருவன் வாடியிருத்தலை எங்களினும் முன்னர் காண்போர் நீங்களே. அவன் கூறிய இரகசியம் அவன் உயிருக்கு ஊறு பயக்குமாயின், அதனைக் காப்பது நட்பன்று. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் கூறுவதே நட்பு. அப்பெரியவராய் நாங்கள் இருப்போம். எங்கள் வகுப்பறைக் கதவு திறந்திருக்கும். நீங்கள் வந்து பேசும்போது கையிலுள்ள கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்போம். இவ்விழா ஆண்டில் நமது கல்லூரி ஆசிரியர் அனைவரும் இவ்வொன்றனை உறுதியாகக் கொள்வார்களாக.